கோத்தகிரி நாயும் குட்டநாட்டு வெயிலும்

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் நாய் கருப்பட்டி, லேப்ரடார் கலப்பு, பெண், நான்கு வயது, 22 கிலோ. மலையை விட்டு இறங்கியதே இல்லை. என் தம்பி ஆலப்புழையில் வேலை பார்க்கிறான். 16 அடி ஃபைபர் படகும் 9.9 குதிரைத்திறன் இன்ஜினும் வைத்திருக்கிறான். மே விடுமுறையில் அவன், நான், என் கணவர், பதினொரு வயது மகள், கருப்பட்டி எல்லோரும் ஆலப்புழையிலிருந்து கொல்லம் வரை காயல் வழியாக நான்கு நாள் போகலாம் என்றிருக்கிறோம். இரவில் கரையில் அறை எடுத்துத் தங்குவோம். கருப்பட்டிக்கு நீச்சல் தெரியுமா என்றே எங்களுக்குத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் வாங்கினால் போதுமா? படகில் கட்டிப்போடலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நீச்சலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெயிலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கருப்பட்டி தண்ணீரில் விழுந்தால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கை நீட்டித் தூக்கிவிடலாம். படகின் தரையில் படுத்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தால் ‘பாவம், களைத்துவிட்டது’ என்று விட்டுவிடுவீர்கள். நான் பயப்படுவது அந்த இரண்டாவதற்குத்தான். அதனால் முதல் யோசனை: மே வேண்டாம். பொங்கல் விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நாக்கிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர்கிறது. மூடுபனி இறங்கிய நாளில் கோத்தகிரியில் கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை காயாமல் தொங்கும் அல்லவா? காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது. அதே காரணத்தால் நாயின் நாக்கும் குளிராது. மே மாத ஆலப்புழையில் வெயிலும் உண்டு, காற்றில் ஈரமும் உண்டு. போதாததற்கு மாலையில் இடிமழை. திறந்த காயலில் 16 அடிப் படகில் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஜனவரியிலும் அங்கே பகலில் 31, 32 டிகிரி இருக்கும். ஆனால் இரவு இறங்கும், காலைக் காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும். நாமாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவோம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வளர்ந்த நாயின் உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாளாவது வேண்டும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீடு இருந்தால் பயணத்துக்கு முன் ஒரு வாரம் கருப்பட்டியோடு அங்கே போய் இருங்கள். காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிட நடையில் தொடங்கி அரை மணி நேரத்துக்கு ஏற்றுங்கள். அதன்பின் ஆலப்புழையில் மூன்று நாள் தங்கிவிட்டுப் படகேறுங்கள். நேரே மலையிறங்கி மறுநாள் காலை படகு என்றால் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும்.

‘மொட்டை அடித்துவிட்டால் குளுமையாக இருக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். லேப்ரடாருக்கு இரட்டை அடுக்கு முடி. மேல் முடி வெயிலைத் தடுக்கும், அதை எடுத்தால் தோல் நேராகச் சுடும். உதிர்ந்த அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும். எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பது முக்கியம். விலாவைத் தடவும்போது எலும்பு எளிதாகத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் இப்போதே சோற்றைக் குறையுங்கள்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்தில் போட்டு அவசரத்தில் முடிக்க முடியாது. நீங்கள் போகும் ஆலப்புழைப் பக்கத்துத் தாழ்நில வயல்பகுதியான குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் மனிதர்களுக்கே வரும் நோய். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர் காயத்திலோ வாயிலோ பட்டால் போதும். கருப்பட்டியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊசியின் பெயரில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா, போட்டு ஒரு வருடத்துக்குள்தானா? மலையில் வளரும் நாய்க்கு இதைச் சில சமயம் விட்டுவிடுவார்கள். இதுவரை போடவில்லை என்றால் மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம். பொங்கலுக்குக் கிளம்ப வேண்டுமானால் நவம்பர் நடுவிலேயே தொடங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அட்டையையும் கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றையும் காரிலேயே வையுங்கள்.

உண்ணியும் அப்படித்தான். கோத்தகிரிக் குளிரில் உண்ணித் தொல்லை குறைவு என்பதால் நீங்கள் அதற்கு மருந்து கொடுக்காமலேயே இருந்திருக்கலாம். கீழே அது வருடம் முழுக்க உண்டு, உண்ணிக் காய்ச்சலும் உண்டு. வாயில் கொடுக்கும் உண்ணி மாத்திரையில் ஒரு மாதத்துக்கு வேலை செய்வதும் மூன்று மாதத்துக்கு வேலை செய்வதும் இருக்கின்றன. கிளம்ப ஒரு வாரம் முன்பு கொடுத்துவிடுங்கள். கருப்பட்டிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள், இந்த மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டும். கொசுவால் பரவும் நூல்புழுவுக்கும் அங்கே பஞ்சமில்லை. அதற்கான மாதாந்தர மருந்தையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி ஜாக்கெட். வாங்க வேண்டும், ஆனால் முதுகில் கைப்பிடி இல்லாததை வாங்காதீர்கள். மிதக்க வைப்பது அதன் பாதி வேலைதான். 22 கிலோ நாய் நனைந்து, பயந்து, நான்கு காலையும் உதறும்போது பிடிக்க உங்களுக்கு ஓர் இடம் வேண்டும், அதுதான் மீதி வேலை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அளந்து அந்த அளவில் வாங்குங்கள், எடையைச் சொல்லி வாங்கினால் பொருந்தாது. வயிற்றுக்குக் கீழே இரண்டு பட்டை, கழுத்துக்கு முன்னால் ஒன்று. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. மாட்டியபின் கைப்பிடியைப் பிடித்து முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்படி தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தலைப்பக்கம் நழுவி வந்தால் அது உதவாது. நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். பச்சையும் நீலமும் காயலில் கண்ணுக்கே தெரியாது.

ஜாக்கெட் போட்டால் சூடு ஏறும் என்பதும் உண்மை. படகு ஓடும்போது போடுங்கள், ஓடும் நேரத்தைக் குறையுங்கள், கரையில் நின்றதும் கழற்றிவிடுங்கள். போடும் முன் தண்ணீரில் முக்கிப் பிழிந்து போட்டால் கொஞ்சம் தேவலை.

நீச்சல் தெரியுமா என்பதை ஆலப்புழையில் முதல் நாளே பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஜாக்கெட்டோடு இறக்கி, கைப்பிடியை விடாமல் இரண்டடி தூரம் வரவழையுங்கள். முன்னங்காலால் தண்ணீரை அடித்துத் தெறிக்கவிட்டுப் பின்பக்கம் மூழ்கினால் அவள் நீந்தவில்லை, தத்தளிக்கிறாள். வயிற்றுக்கடியில் கைகொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுங்கள். பெரும்பாலான நாய்கள் அப்போது சமாளித்துக்கொள்ளும்.

கட்டிப்போடலாமா என்றால், கூடாது. படகு கவிழ்ந்தால் கட்டிய நாய் படகோடு போகும். கவிழாவிட்டாலும் கயிறு நீளமாக இருந்து அவள் விளிம்பைத் தாண்டிக் குதித்தால் கழுத்துப் பட்டையில் தொங்குவாள், இல்லையென்றால் கயிறு புரொப்பல்லரில் சுற்றும். படகு நிற்கும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். ஓடும்போது கழற்றிவிட்டு ஜாக்கெட் கைப்பிடியில் ஒருவர் கை வைத்திருக்கட்டும். அந்த வேலையை மகளிடம் கொடுக்காதீர்கள், நாய் பாய்ந்தால் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். மகளுக்கும் உங்கள் மூவருக்கும் ஜாக்கெட் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

அவள் இடம் படகின் நடுவில், தரையில், கூரைத் துணியின் நிழலில். வெறும் ஃபைபர் தரையில் நகம் வழுக்கும். வழுக்கிய நாய் பதறி விளிம்புக்கு ஓடும். அடியில் ரப்பர் பிடிமானம் வைத்த தேங்காய்நார் மிதியடி ஒன்றைக் குறுக்கே விரியுங்கள். வெயில் பட்ட ஃபைபரில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அவளாலும் பாதம் வைக்க முடியாது. பின்னால் இன்ஜின் பக்கம் படுக்க விடாதீர்கள், புகை அங்கேதான் தேங்கும். அவசரத்தில் இன்ஜினை நிறுத்துவதற்காகத் தம்பியின் மணிக்கட்டில் மாட்டியிருக்கும் சிவப்புச் சுருள் கயிற்றில் நாயின் கால் மாட்டினால் காயலின் நடுவில் இன்ஜின் நின்றுவிடும்.

இதையெல்லாம் கோத்தகிரியிலேயே பழக்கலாம். பழைய கார் டியூபில் பாதிக் காற்று அடித்து அதன்மேல் ஒரு பலகை போட்டு மிதியடியை விரியுங்கள். முதல் நாள் அதன்மேல் ஒரு பிடி சோறு. பிறகு அதன்மேல் உட்கார வைத்து லேசாக ஆட்டுங்கள். ஒரு வாரத்தில் பலகை ஆடினால் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். நீங்கள் வேண்டுவது அதுதான், ஆடும் படகில் நிற்கிற நாய்தான் விழும். இன்ஜின் சத்தத்தைத் தம்பியிடம் போனில் பதிவு செய்து வாங்கி, சாப்பிடும் நேரத்தில் மெதுவாக வைத்து நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

அதே மிதியடி இன்னொன்றுக்கும் உதவும். வீட்டுப் பழக்கம் உள்ள நாய் படகில் சிறுநீர் கழிக்காது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளும், தண்ணீர் குடிக்கவும் மறுக்கும், வெயிலில் அதுவே ஆபத்து. இரண்டாவதாக ஒரு மிதியடி வாங்கி, காலையில் அவள் வழக்கமாகப் போகும் தேயிலைச் செடி ஓரத்தில் போடுங்கள். அவள் சிறுநீரில் நனைத்த பஞ்சை அதில் தேய்த்துவிட்டு, போகும்போது ஒரே சொல்லைச் சொல்லுங்கள், ‘போ’ என்றோ ‘ஆச்சா’ என்றோ. போனதும் ஒரு துண்டு பிஸ்கட். மூன்று நான்கு வாரம் ஆகும். கிளம்பும்போது அந்த மிதியடியைக் கழுவாமல் எடுத்துப் போங்கள், நாற்றம் இருந்தால்தான் வேலை செய்யும். அப்படியும் படகில் போக மறுத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கரை ஒதுங்குங்கள்.

கரை என்று நான் சொல்வதைக் கருப்பட்டி வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம். ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து பார்த்திருப்பீர்கள். குட்டநாட்டு வாய்க்கால்களில் அதே செடி கரையோரம் இடைவெளியில்லாமல் பச்சைப் புல்தரை மாதிரி கிடக்கும். மலையில் புல்மேட்டில் ஓடிய நாய்க்கு அது தரை. ஒரு தாவலில் கால் வைக்கும், செடி பிளந்து உள்ளே போகும், மேலே மறுபடி மூடிக்கொள்ளும், வேர்கள் காலைச் சுற்றும். நன்றாக நீந்தும் நாயும் இதில் திணறும். அதனால் கரையில் ஒருவர் முதலில் இறங்கிக் காலூன்ற வேண்டும். கயிறு அவர் கைக்கு மாறியபின்தான் நாய் இறங்க வேண்டும். ஏறும்போது ஒருவர் படகில் முதலில் உட்கார்ந்துகொள்ளட்டும். படகுத்துறையிலிருந்து 22 கிலோ ஒரே பக்கமாகக் குதித்தால் 16 அடிப் படகு நன்றாகவே சாயும்.

விழுந்துவிட்டால் யாரும் பின்னால் குதிக்கக் கூடாது. தம்பி இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நாய் விழுந்த பக்கமே படகின் மூக்கைத் திருப்பட்டும், அப்போதுதான் பின்பக்கமும் புரொப்பல்லரும் அவளை விட்டு விலகும். ஒருவர் நாயைக் கையால் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றி வந்து மெதுவாக நெருங்கி, இரண்டு படகு நீளம் இருக்கும்போதே இன்ஜினை முழுக்க நிறுத்துங்கள். நாய் பழக்கத்தில் சத்தம் வரும் பக்கம், அதாவது பின்பக்கம் நீந்தி வரப் பார்க்கும். பெயரைச் சொல்லிப் படகின் நடுப்பக்கம் கூப்பிடுங்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து எடையைச் சமன் செய்ய, மற்றவர் முழங்காலிட்டுக் கைப்பிடியைப் பிடித்து முன்னங்கால்களை விளிம்பில் ஏற்றட்டும். ஒரு மூச்சு நின்று, இன்னொரு கையைப் பின்புறத்துக்கடியில் கொடுத்து இரண்டாவது இழுப்பில் உள்ளே. ஒரே வீச்சில் தூக்கப் போனால் உங்கள் முதுகு பிடித்துக்கொள்ளும், படகும் சாயும். முதல் நாள் கரையோரத்திலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

ஆலப்புழை, கொல்லம் இடையே சுற்றுலாப் படகே எட்டு மணி நேரம் எடுக்கும். சுமார் 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு இருபது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனாலும் இரண்டு மணி நேர ஓட்டம்தான். காலை ஏழுக்குக் கிளம்பி பத்தரைக்குள் கரை சேர்ந்துவிடலாம். பத்தரையிலிருந்து நான்கரை வரை மின்விசிறி உள்ள அறையில் கருப்பட்டி தூங்கட்டும். காயங்குளம் காயலும் அஷ்டமுடியும் திறந்த நீர், மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் அலை ஏறும். அந்த இரண்டையும் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லுங்கள். கெட்டுவள்ளம் என்கிற வீட்டுப்படகு கடந்து போகும்போது எழும் அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், வேகத்தைக் குறைத்து மூக்கைச் சற்றுச் சாய்வாகக் கொடுக்க வேண்டும். கருப்பட்டியை அப்போது படுக்க வைத்துவிடுங்கள்.

குடிநீர் முழுக்கக் கையிலிருந்துதான். 22 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒன்றேகால் லிட்டர் போதும். அங்கே அவளுக்கு மட்டும் நாளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். வழியில் திருக்குன்னப்புழையில் ஒரு ஷட்டர் பூட்டு, அதாவது படகை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தை மாற்றிவிடும் கதவடைப்பு வரும், உப்புநீர் குட்டநாட்டு வயலுக்கு ஏறாமல் தடுப்பதற்காகக் கட்டியது. அதற்குத் தெற்கே தண்ணீர் உப்பு. குடித்தால் வாந்தி, பேதி, நிறையக் குடித்தால் நடுக்கமும் வலிப்பும். வடக்கே நன்னீர்தான், ஆனால் ஜனவரியில் நெல் வயலில் நிற்கும், மருந்தடித்த வயல்நீரைக் காயலுக்குத்தான் இறைப்பார்கள். ஆக இரண்டும் வேண்டாம். பூட்டுக்குள் நீர் ஏறி இறங்கும்போது படகு சுவரில் உரசும், நாயின் தலை விளிம்புக்கு வெளியே இருக்கக் கூடாது.

சாப்பாடு இரவில் முக்கால், படகு நின்றபின் கால். கிளம்பும் முன் நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். படகைவிட மேட்டுப்பாளையம் மலைப்பாதையில்தான் அவள் வாந்தி எடுப்பாள் என்று நினைக்கிறேன். வாந்தித் தடுப்பு மாத்திரையை எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தரட்டும், மலையிறங்கும் நாளிலேயே அது ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெயில் தாக்கிவிட்டதா என்பதைப் பல் ஈறைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்துக்குப் போகும். எச்சில் கோந்து மாதிரி நூலாக இழுக்கும். நடை தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாயில் வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 104 தாண்டினால் அந்த நிமிடமே ஜாக்கெட்டைக் கழற்றி, வயிறு, அக்குள், தொடையிடுக்கில் காயல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள், கூடவே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், சற்று நேரத்தில் துண்டே சூடாகி உள்ளே வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 103.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி இறங்கிவிடும். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுக்கிற வீடுகள் உண்டு. இந்தச் சூடு அதற்கு இறங்காது, ஈரல்தான் கெடும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைதலும் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கெடுவதுண்டு. எந்தெந்த ஊரில் கால்நடை மருத்துவமனை இருக்கிறது என்று தம்பி முன்கூட்டியே விசாரித்துக் குறித்துவைக்கட்டும்.

கரையில் மூன்று விஷயம். தூண்டில் போடுகிறவர்கள் இரை குத்திய முள்ளை அப்படியே விட்டுப்போவார்கள், மீன் வாசத்துக்கு நாய் விழுங்கிவிடும். வாயில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் முள் உணவுக்குழாயில் ஏறும். ஓர் அடி விட்டு வெட்டி, நுனியைக் கழுத்துப் பட்டையில் முடிந்து எக்ஸ்ரேக்குக் கொண்டுபோங்கள். உதட்டில் மட்டும் மாட்டியிருந்தால் முள்ளை முன்னோக்கித் தள்ளி, கொக்கி வெளியே வந்ததும் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, மீதியை வந்த வழியே எடுக்கலாம். அடுத்தது, வலையிலிருந்து கரையில் உதறிய மீன். கெளுத்தி முள் நாக்கில் குத்தினால் வீங்கும். பேத்தை மீனைத் தின்றால் கால் முடங்கி மூச்சே நின்றுவிடலாம். மூன்றாவது, வாத்து. ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாக வாய்க்காலை அடைத்துக்கொண்டு மேய்த்து வருவார்கள், கருப்பட்டி அப்படி ஒன்றைப் பார்த்திருக்கவே மாட்டாள். தூரத்தில் சத்தம் கேட்டதுமே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டநாட்டு வாத்துகளுக்கு 2014-லும் 2024-லும் பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறது. செத்துக் கிடக்கும் வாத்தின் பக்கம் நாயும் போகக் கூடாது, மகளும் போகக் கூடாது.

தினமும் மாலையில் நன்னீரில் கழுவிக் காதின் உட்புறம் வரை துணியால் ஒற்றி எடுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் இரண்டாம் நாளே தலையை உதறத் தொடங்குவாள். விரலிடுக்கு, காது மடல், அக்குள் மூன்றிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

திரும்பி வந்தபின் ஒரு மாதம் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் ஒன்றிரண்டு வாரத்திலும் உண்ணிக் காய்ச்சல் மூன்று வாரம் வரையிலும் தலைகாட்டலாம். சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர், கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கோத்தகிரியில் நாயைப் பார்க்கிற மருத்துவர் குளிர்ப்பிரதேச நாய்தானே என்று உண்ணியை உடனே நினைக்காமல் போகலாம். ‘ஜனவரியில் குட்டநாட்டில் நான்கு நாள் இருந்தாள்’ என்பதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.